சகலை கொண்டுவந்த கம்பைலர்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் மூட்டை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒல்லி. கம்பெனி எழுதும் மென்பொருளின் துண்டு துணுக்குகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, வாடிக்கையாளர் கணினியில் ஏறி உட்காரும்படி கட்டிக் கொடுப்பது அவர் வேலை. "அண்ணே, மூட்டை கட்டியாச்சா?" என்று யாராவது கேட்டால், "எனக்கா, சாஃப்ட்வேருக்கா?" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். பழையவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள்.

அப்படிக் குஷியாக இருந்த மனிதருக்கு, ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் வயிறு எரிய ஆரம்பித்தது. எரிய வைத்தது வேறு யாருமில்லை. அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன்.

"வாடிக்கையாளரை ஏன் மேடம் தனியா கம்பைலர் போடச் சொல்லணும்? நம்ம மூட்டைக்குள்ளயே ஒண்ணு வெச்சுக் குடுத்துட்டா என்ன?" என்று சகலை கேட்டான். அவ்வளவுதான். முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

"இது ஏன் இத்தனை நாளா யாருக்கும் தோணலை?" என்றார்.

மூட்டைக்காரருக்குத் தோன்றியிருந்தது. எப்போதோ ஒரு பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது தோன்றியது. ஆனால் அதை வெளியே சொல்லாமல் விழுங்கிவிட்டார். ஏன் விழுங்கினார் என்பதற்கு அந்தக் கம்பெனியின் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர்கள் செய்வது மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கான சர்வர் மென்பொருள். ரத்தமோ கண்ணோ பல்லோ, பரிசோதித்த முடிவைத் திரையில் காட்டி, தாளில் அச்சடித்துத் தரும். முடிவுப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூடமும் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். மென்பொருளின் பெருமை அதுதான், தலைவலியும் அதுதான். கூடத்துக்காரர்கள் எழுதிவைத்த பக்கத்தை, முதல்முறை திறக்கும்போது, இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வது கம்பைலர். சாதாரணமாக ஒரு கணினியில் நிரலை ஓட்டுகிற பகுதி மட்டும் இருக்கும், கம்பைலர் இருக்காது. அது வேண்டுமென்றால், பெரிய நிறுவனம் ஒன்று தருகிற மென்பொருள் கருவிப்பெட்டியை முழுசாக இறக்கிப் போட வேண்டும். பாதிப் பேர் போட மறந்துவிடுவார்கள். மீதிப் பேர் தப்பான பெட்டியைப் போடுவார்கள். பக்கம் திறக்காது. போன் வரும். மூட்டைக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

போகிற இடத்திலெல்லாம் ராஜ உபசாரம். முடிவு அச்சாகாமல் கூடமே ஸ்தம்பித்து நிற்கும்போது ஒருவர் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, நாலு தட்டுத் தட்டி எல்லாவற்றையும் ஓட வைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? கண் மருத்துவமனை ஒன்றில் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, அவர் வந்தால் தன் நாற்காலியிலிருந்தே எழுந்துவிடுவார். "நீங்க வந்துட்டீங்கல்ல, இனிமே கவலையில்லை" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறலாம் என்று மூட்டைக்காரருக்கு இருக்கும். கம்பைலர் மூட்டைக்குள் வந்துவிட்டால் யார் கூப்பிடப் போகிறார்கள்? அதனால்தான் விழுங்கினார்.

இப்போது விழுங்கியதையே இன்னொருவன் தட்டில் வைத்து நீட்டுகிறான். அவன் யார் என்பதுதான் கொடுமை. வேலையில்லாமல் இருந்தவனை, "என்னங்க, என் தங்கச்சிக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று மனைவி நச்சரித்ததால், இவரேதான் முதலாளியம்மாவிடம் சிபாரிசு செய்து, சர்வர் எழுதும் வேலைக்கு உள்ளே கொண்டுவந்தார்.

"நல்லது, இதை நீயே முன்னால நின்னு செய்" என்று முதலாளியம்மா சகலையிடம் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "நீங்க அவருக்கு உதவியா இருங்க."

உதவியா. அந்தச் சொல் அன்று முழுக்க அவர் காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. மாமனார் தையல்காரர். முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் குடும்பம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மாப்பிள்ளை என்று இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய மனிதர். வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அளவெடுத்துக்கொண்டே இவர் புராணம்தான் பாடுவார். சின்ன மாப்பிள்ளை வந்த பிறகு புராணத்தில் பங்கு விழுந்துவிட்டது.

"சின்ன மாப்பிள்ளை ஏதோ பெருசா கண்டுபிடிச்சிருக்காராமே?" என்றார் மாமனார், கழுத்தில் தொங்கிய அளவுநாடாவை எடுக்காமலேயே சாப்பிட உட்கார்ந்து.

"கண்டுபிடிப்பெல்லாம் இல்ல மாமா. இருக்கறதை எடுத்து உள்ள வெக்கறோம்" என்றான் சகலை.

அடக்கம் வேறு! மூட்டைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருடைய மகள் சித்தப்பாவின் மடியில் ஏறிக்கொண்டு, "கம்பைலர்னா என்ன சித்தப்பா?" என்று கேட்டாள். பெற்ற அப்பா எதிரே உட்கார்ந்திருக்கும்போது! சகலை ஒரு துணித் துண்டை எடுத்து, "தாத்தா வெட்டின துணி இருக்குல்ல, அதைச் சட்டையா மாத்தறது மெஷின். அந்த மாதிரி" என்றான். மாமனாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா, எனக்கே புரியுது!" என்றார்.

எத்தனை வருஷமாக இவர் தன் வேலையை மாமனாருக்கு விளக்கியிருப்பார். ஒரு நாள்கூட அவருக்குப் புரிந்ததில்லை.

மறுநாளிலிருந்து மூட்டைக்காரர் குறை தேடும் வேலையில் இறங்கினார். முதலில் லைசன்ஸ். எந்த மென்பொருளையும் நிறுவும்போது ஒரு நீளமான ஒப்பந்தம் வரும், யாரும் படிக்காமல் "சம்மதம்" என்று தட்டிவிடுவார்கள். அந்தக் கருவிப்பெட்டியின் ஒப்பந்தத்தை இவர் வரி விடாமல் படித்தார். மாமியார் ஜாதகம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிடைத்தது! நிரலை ஓட்டுகிற பகுதியை முழுசாக, அப்படியே, மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து கம்பைலரை மட்டும் உருவி எடுத்துத் தன் பொருளோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சகலையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பக்கத்து மேசைதான். சொல்லவில்லை. அடுத்த கூட்டம் வரைக்கும் பொத்திப் பொத்தி வைத்திருந்து, எல்லோர் முன்னாலும் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு சின்ன சிக்கல் மேடம். சின்னப் பையன், வேகத்துல கவனிச்சிருக்க மாட்டான். அந்தக் கம்பைலரை நாம எடுத்துக் குடுத்தா நம்ம மேல கேஸ் போடுவாங்க."

முதலாளியம்மா முகம் சுருங்கியது. சகலை பக்கம் பார்த்தார். மூட்டைக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆமாண்ணே" என்றான் சகலை. "அதனாலதான் நான் அதை எடுக்கலை. இது வேற கம்பைலர். ஊர் உலகத்துல நிறைய பேர் சேர்ந்து எழுதி, யார் வேணும்னாலும் தன் பொருளோட சேர்த்துக் குடுக்கலாம்னு விட்டிருக்காங்க. அதோட லைசன்ஸ் தாளையும் எழுதினவங்க பேரையும் கூடவே வெக்கணும். நாம அதுக்குள்ள கை வெச்சு ஏதாவது மாத்தினா, மாத்தின நிரலைக் கேக்கறவங்களுக்குக் குடுக்கணும். நாம எழுதின சர்வரைத் திறந்து காட்டணும்னு கட்டாயம் இல்லை. வக்கீல்கிட்டயும் கேட்டுட்டேன்."

கூட்டத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். மூட்டைக்காரருக்கு மூக்கு உடைந்தது. அதோடு விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இருந்தாலும் அண்ணன் இவ்வளவையும் உட்காந்து படிச்சிருக்காரு பாருங்க. அது பெரிய விஷயம்" என்றான் சகலை.

முதுகில் தட்டிக்கொடுக்கிறானாம்! அன்று மாலை வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமலேயே கட்டிலில் குப்புறப் படுத்தார். மனைவி கேட்டாள், "தலைவலியா?" "இல்லை, சகலைவலி" என்று சொல்லியிருப்பார். தங்கச்சி புருஷனாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டார்.

புது மூட்டை தயாரானது. வெளியே அனுப்பும் முன், ஒவ்வொரு முக்கிய வாடிக்கையாளரின் கணினி அமைப்பையும் அலுவலகச் சோதனை மெஷினில் நகலெடுத்து ஓட்டிப் பார்ப்பது மூட்டைக்காரரின் வழக்கம். மற்ற இடங்களிலெல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடியது. கண் மருத்துவமனையின் நகலில் மட்டும் பக்கம் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்திலேயே காரணம் தெரிந்துவிட்டது. அந்த மருத்துவமனையின் கணினியில், வேறு ஏதோ மென்பொருள் எப்போதோ கொண்டுவந்து போட்ட அதே கம்பைலரின் பழைய காப்பி ஒன்று பொது ஃபோல்டரில் கிடந்தது. சர்வர் எழும்போது தன் மூட்டைக்குள் இருப்பதை விட்டுவிட்டு, அந்தப் பழசைத்தான் முதலில் கையில் எடுத்தது. பழசுக்குப் புது சர்வர் பேசுவது புரியவில்லை. கம்பைலரை உள்ளே வைத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, அது வெளியே கிடப்பதோடு மோதாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும். சகலை யோசிக்காமல் விட்ட இடம் இதுதான்.

அந்த நேரம் பார்த்து சகலை வந்து நின்றான். "எல்லாம் ஓடுதாண்ணே?"

மூட்டைக்காரர் திரையை வேறு பக்கத்துக்கு மாற்றினார். "ஓடுது" என்றார்.

சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை. ஒரே ஒரு தடவை அவன் திருதிருவென்று முழிக்கட்டும், அப்புறம் நானே போய்ச் சரி செய்துவிடுகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, "நீங்கதான் வரணும்" என்று சொல்வதுவரை மனசுக்குள் படம் ஓடியது.

கண் மருத்துவமனையில் புது மூட்டையை ஏற்றச் சகலையே நேரில் போனான். காலையில் வேலை மும்முரமாக இருக்கிற நேரத்தில் மூட்டைக்காரரின் போன் அடித்தது. அவர் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடிக்கட்டும் என்று கொஞ்சம் விட்டு, பிறகு எடுத்தார்.

"அண்ணே, ஒரு பக்கமும் வரலைண்ணே. பழைய மூட்டையை எடுத்தாச்சு, புதுசும் ஓடலை." என்றான் சகலை.

"அப்படியா? நல்லாப் பாரு" என்றார் மூட்டைக்காரர். நாக்கில் தேன் தடவினாற்போல் இருந்தது.

அப்போது போனில் பின்னால் அந்தக் கூடத்து அம்மாவின் குரல் கேட்டது. யாரையும் திட்டவில்லை. அழுகிற குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "தம்பி, ஆபரேஷனுக்கு வந்தவங்களைக் கண்ணுல மருந்து விட்டு உக்கார வெச்சிருக்காங்கப்பா. ரிசல்ட் இல்லாம டாக்டர் கத்தி எடுக்க மாட்டாரு. பார்வை மங்கி, கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பெரியவர் வரலையா? அவரையாவது கூப்பிடுப்பா."

பெரியவர் என்றது இவரைத்தான். எந்த வார்த்தைக்காக இவ்வளவும் செய்தாரோ அதே வார்த்தை வந்தது. ஆனால் நாக்கில் இருந்த தேன் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வராந்தா அவருக்குத் தெரியும். சுவரோரம் நீள பெஞ்சு, எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்று காட்ட நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரி, அசையாமல் உட்கார்ந்திருக்கும் முகங்கள்.

"பொது ஃபோல்டர்ல பழைய கம்பைலர் ஒண்ணு கிடக்கும். அதைத் தூக்கி வேற இடத்துல வை. சர்வரை அணைச்சுப் போடு. சீக்கிரம்" என்று படபடத்தார்.

போனில் விரல்கள் தட்டும் சத்தம். பிறகு அச்சு இயந்திரம் ஓடும் சத்தம். அந்த அம்மா "அப்பாடா" என்றது இங்கே வரை கேட்டது.

பிறகு சகலை கேட்டான். "உக்காந்த இடத்துலயிருந்து எப்படிண்ணே தெரிஞ்சது?"

மூட்டைக்காரர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம் சகலை துண்டித்துவிட்டான்.

மாலையில் சகலை திரும்பி வந்தான். பையைக்கூடக் கீழே வைக்காமல், "கொஞ்சம் வெளிய வாங்க" என்றான். மாடிப்படித் திருப்பத்தில், தண்ணீர் கேன்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் இருவரும் நின்றார்கள்.

"சோதனையிலயே தெரிஞ்சிருச்சு, இல்ல?"

"தெரிஞ்சிது."

"என்கிட்ட ஓடுதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏன்?" என்றான் சகலை. "என்னைத் திட்டணும்னா திட்டுங்க. அங்க உக்காந்திருந்தவங்க என்னண்ணே பண்ணாங்க?"

மாட்டிக்கொண்டால் மனிதர்கள் செய்வதைத்தான் மூட்டைக்காரரும் செய்தார். கத்தினார். "உனக்கென்னப்பா! வந்து கொஞ்ச நாள்ல மேடம் உன் பக்கம், மாமா உன் பக்கம், என் பொண்ணுகூட உன் மடியில. நான் ஊர் ஊரா அலைஞ்சு சம்பாதிச்ச பேரை ஒரே மூட்டையில கட்டி வெளிய போட்டுட்டே. நான் உனக்கு உதவியா இருக்கணுமாம், உதவியா!"

சகலை அவரையே பார்த்தான். பிறகு ஒரு தண்ணீர் கேன்மேல் தொப்பென்று உட்கார்ந்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

"அதுக்குத்தாண்ணே செஞ்சேன்" என்றான்.

"எதுக்கு?"

"நான் எந்த லேபுக்குப் போனாலும் முதல் கேள்வி என்ன தெரியுமா? 'மூட்டை அண்ணன் வரலையா?' புது சர்வர்ல பாதி நான் எழுதினது. என்னைப் பார்த்து யாரும் எந்திரிச்சதில்லை. வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி, 'அத்தான் போனா எப்படிக் கொண்டாடறாங்க பாருங்க'ன்னு உங்களைத்தான் சொல்லுவா. எனக்கு எரியாதா? இந்த ஆளு போகவே வேண்டியதில்லாம பண்ணிட்டா என்னன்னு தோணுச்சு. அப்பதான் கம்பைலரை உள்ள வெக்கற யோசனையே வந்துச்சு. நல்ல யோசனைதான். ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னா, அந்த எரிச்சல்லேருந்துதான்."

மூட்டைக்காரர் வாய் பிளந்து நின்றார். தன்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில், சொல்லவே கூசுகிற மாதிரி, ஒரு இனிப்பும் இருந்தது.

"அப்ப நான் வந்தா நிஜமாவே எந்திரிப்பாங்களா?" என்று கேட்டார்.

"எந்திரிப்பாங்கண்ணே! நான்தான் பார்த்திருக்கேனே!" என்று எரிந்து விழுந்தான் சகலை.

உடனே கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. சகலை பல நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளியம்மாவிடம், "மோதல் இருக்கறதை நாங்க கவனிக்கலை" என்று மட்டும் சொன்னான். அந்த "நாங்க" மூட்டைக்காரரைச் சாட்டை மாதிரி அடித்தது. அவர் எழுந்து, "நாங்க இல்லை மேடம். நான் கவனிச்சேன், சொல்லலை" என்றார். முதலாளியம்மா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வாங்கு வாங்கென்று வாங்கினார். வெளியே வந்தவர் நேராகத் தன் இடத்துக்குப் போய் வேலையைத் தொடங்கினார்.

அடுத்த மூட்டையை இருவரும் சேர்ந்து கட்டினார்கள். உள்ளே வைக்கும் கம்பைலரின் உட்பெயர்களை மாற்றி, வெளியே எந்தக் காப்பி கிடந்தாலும் சர்வர் தன்னுடையதை மட்டுமே எடுக்கும்படி செய்தார்கள். கை வைத்து மாற்றியதால், லைசன்ஸ் சொன்னபடி, மாற்றிய பகுதியை யார் கேட்டாலும் கொடுக்கிற மாதிரி கம்பெனியின் இணையதளத்தில் போட்டார்கள். அதற்குள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பாதுகாப்பு அதிகாரி, "எங்க சர்வர்ல கம்பைலரே இருக்கக் கூடாது. எவனாவது உள்ள நுழைஞ்சா அதை வெச்சே எதையாவது செஞ்சு ஓட்டிருவான்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்படிப்பட்டவர்களுக்காக, பக்கங்களை அலுவலகத்திலேயே மாற்றி முடித்து, கம்பைலர் இல்லாத இரண்டாவது மூட்டை ஒன்றை மூட்டைக்காரர் தயாரித்தார். அது முழுக்க அவர் யோசனை. அதைக் கூட்டத்தில் சொன்னபோது சகலையின் தாடை இறுகியதைக் கவனித்தார். கவனித்ததில் ஒரு திருப்தி, இல்லையென்று சொல்ல முடியாது.

புது மூட்டையில் "இதைப் பற்றி" என்று ஒரு திரை சேர்க்க வேண்டியிருந்தது. கம்பைலரை எழுதியவர்களின் பெயர்கள் அதில் வர வேண்டும். வாயில் நுழையாத, எங்கெங்கோ இருக்கிற மனிதர்களின் பெயர்கள் வரிசையாக ஓடின. சர்வர் எழுதிய சகலையின் பெயரும் அதில் இல்லை, மூட்டை கட்டியவர் பெயரும் இல்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

"யாருய்யா இவங்கள்லாம்?" என்றார் மூட்டைக்காரர்.

"நம்மளைவிடக் குடுத்து வெச்சவங்க" என்றான் சகலை. மாடிப்படிக்குப் பிறகு அவன் அவரிடம் வேலையைத் தவிர வேறு எதையும் பேசியது அன்றுதான்.

அதற்கடுத்த வருஷம் முதலாளியம்மா புதுப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, சகலையை அதற்குத் தலைவனாகப் போட்டார். அறிவிப்பு வந்த மத்தியானம் மூட்டைக்காரர் அவன் மேசைக்குப் போனார். வாழ்த்து சொல்லத்தான் போனார். வார்த்தை வேறு மாதிரி வந்தது.

"எனக்கு எரியுதுப்பா" என்றார்.

"தெரியுதுண்ணே" என்றான் சகலை, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "உக்காருங்க. பல் ஆஸ்பத்திரி மூட்டை ஏற மாட்டேங்குது, பாருங்க."

அவர் உட்கார்ந்தார்.